ஆன்டிவைரஸா, லினக்ஸா, இல்லை ஒரு ஹார்டு டிஸ்க்கா?

"மாப்ள, எந்த ஆன்டிவைரஸ் வாங்குறது?" என்று மாமா போனில் கேட்டார். கேட்கும்போது அவர் கடைக் கம்ப்யூட்டரில் காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் ஒன்று இருந்தது, சந்தா முடிய ஏழு மாதம் பாக்கியும் இருந்தது. அது இருக்கும்போதேதான் கடையின் ஃபைல்கள் மொத்தமும் பூட்டிக்கொண்டன. அதனால் "இதைவிட நல்லதா எது இருக்கு?" என்பதுதான் அவர் கேள்வி. பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது, பதிலும் அவர் நினைத்த மாதிரி இல்லை. ஒரே ஒரு கம்ப்யூட்டரை நம்பிப் பிழைப்பு நடத்துகிற வேறு யாருக்காவது இந்தக் கணக்கு உதவலாம் என்று எழுதி வைக்கிறேன்.

கடை ராஜபாளையத்தில். ஜெராக்ஸ், டிடிபி, கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, பிளக்ஸ் டிசைன், அப்புறம் பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேருக்கு டேலி மென்பொருளில் கணக்கு. ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் எல்லா ஃபைல் பெயருக்கும் வால் மாதிரி நாலெழுத்தில் ஒரு புது எக்ஸ்டென்ஷன் ஒட்டியிருந்தது, எதுவும் திறக்கவில்லை, ஃபோல்டருக்கு ஃபோல்டர் ரீட்மீ என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல். 980 டாலர் கேட்டிருந்தார்கள். 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 டாலர். ஆடித் தள்ளுபடிதான். இந்த விலையும் இந்த வாசகமும் ஸ்டாப் அல்லது டிஜேவியூ என்று சொல்லப்படும் ரான்சம்வேர், அதாவது ஃபைலைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கிற வைரஸ், குடும்பத்தின் அடையாளம். அது பெரிய நிறுவனங்களைத் தேடி அலைவதில்லை, கிராக், அதாவது காசு மென்பொருளை ஓசியில் ஓடவைக்கிற திருட்டு வழி, தேடி வருகிற நம்மைப் போன்றவர்களுக்காக வலை விரித்துக் காத்திருக்கிறது.

வந்த வழியும் அதுதான். கடைப் பையன், நல்ல வேலைக்காரன், பக்கம் வடிவமைக்கிற மென்பொருளின் புதிய பதிப்புக்கு ஒரு கிராக் இறக்கியிருக்கிறான். இறங்கிய ஜிப்புக்கு பாஸ்வேர்டு போட்டிருந்தது. ஸ்கேனர் உள்ளே எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிப் போடுகிறார்கள். உள்ளே ஒரு குறிப்பு: முதலில் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும், அது தவறாக எச்சரிக்கும். ஆன்டிவைரஸ் சொன்னபடியே எச்சரித்திருக்கிறது, பையனும் சொன்னபடியே அணைத்திருக்கிறான். வாட்ச்மேனை டீ குடிக்க அனுப்பிவிட்டு நாமே கதவைத் திறந்துவிட்ட கதை.

எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019-ல் இந்தக் குடும்பத்துக்கு இலவசமாக ஒரு பூட்டுடைக்கும் கருவி வெளியிட்டது, அதைப் போட்டுப் பார்த்தோம். வைரஸால் தன் சர்வரைத் தொட முடியாமல்போய்த் தன்னோடு கொண்டுவந்த பொதுச் சாவியால் பூட்டியிருந்தால் அந்தக் கருவிக்கு வாய்ப்பு உண்டு. கடையில் நெட் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது, அதனால் எங்களுக்கென்று தனிச் சாவி. நெட் நன்றாக இருந்ததற்காக மாமா வருத்தப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இந்த வைரஸ் அவசரத்தில் ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவை மட்டும்தான் குலைக்கிறது, அந்தப் புண்ணியத்தில் பெரிய ஜிப் சிலவற்றின் உள்ளேயிருந்து கொஞ்சம் படங்களை மீட்டோம். மற்றது போனது போனதுதான்.

இதற்குப் பிறகு எந்த வழியை எடுத்தாலும் ஒரே கேள்வியை வைத்துத்தான் உரசிப் பார்த்தேன்: நம் கையே தப்புப் பண்ணுகிற நாளில் இது எதைக் காப்பாற்றும்?

முதலில் மாமா கேட்டதையே எடுத்துக்கொள்வோம், காசு கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸ். நம்மூர்ச் சரக்கு மட்டமில்லை. கே7 சென்னைக்காரர்கள், 1991-லிருந்து இதே தொழில், க்விக் ஹீல் புனே. பலருக்குத் தெரியாத விஷயம், வேறொரு ஆன்டிவைரஸ் உள்ளே வந்ததும் விண்டோஸோடு வருகிற டிபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். ஆக, காசு கொடுத்தால் இரண்டு வாட்ச்மேன் கிடைக்கமாட்டார்கள், இருந்தவருக்குப் பதில் இன்னொருவர் வருவார். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகச் சோதனைகளில் டிபெண்டர் சில வருஷமாகவே முழு மதிப்பெண்ணோ அதை ஒட்டியோ வாங்கிக்கொண்டிருக்கிறது. அப்புறம் எதற்குக் காசு? போன் போட்டால் எடுத்துப் பேச ஒரு ஆள் இருப்பார், அதற்கு. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் யாரும் இல்லாத ஒருவருக்கு அந்த ஒரு வசதிக்கே வருஷச் சந்தா தகும். மாமாவுக்கு நான் இருக்கிறேன், பாவம்.

இலவச ஆன்டிவைரஸ்? வேண்டாம், சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது 2020-ல் வெளியே வந்தது, 2024-ல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் அதற்காக 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. ஏற்கெனவே பூச்சி பிடித்துவிட்டது என்ற சந்தேகம் இருந்தால் மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் துப்புரவுக் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அது போதும்.

ஆன்டிவைரஸ் எதுவானாலும் கம்ப்யூட்டரின் அடிமடி வரைக்கும் கை விடுகிற மென்பொருள் என்பதையும் நினைவில் வையுங்கள். 2024 ஜூலை 19 அன்று விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்களே, அது எந்த வைரஸின் வேலையும் இல்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு அப்டேட் கோளாறாகி 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு படுத்துவிட்டன.

அடுத்த வழி, இருக்கிற டிபெண்டரையே வைத்துக்கொண்டு விண்டோஸை ஒழுங்குபடுத்துவது. செலவு கிட்டத்தட்ட இல்லை, ஆனால் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து செய்ய வேண்டும்.

அதில் நான் பெரிதாக நினைப்பது இரண்டு கணக்கு வைப்பதைத்தான். நம்மில் பெரும்பாலானோர் விண்டோஸை நிறுவியபோது உருவான ஒரே கணக்கில்தான் காலம் தள்ளுகிறோம், அது அட்மின் கணக்கு, அதாவது வீட்டின் எல்லாச் சாவியும் தொங்கும் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டே சந்தைக்குப் போகிற மாதிரி. அட்மினைத் தனியாக ஒதுக்கிவிட்டு, தினசரி வேலைக்குச் சாதாரணக் கணக்கு ஒன்றைப் போட்டால், அதில் உட்கார்ந்திருப்பவரால் டிபெண்டரை அணைக்க முடியாது, அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். மாமா கடையில் அன்றைக்கு இது மட்டும் இருந்திருந்தால் அந்த ஜிப்பில் இருந்த குறிப்பு அங்கேயே முட்டி நின்றிருக்கும். ஆனால் சாதாரணக் கணக்கில் ஓடுகிற ரான்சம்வேரும் அந்தக் கணக்கின் ஃபைல்களைப் பூட்டும், அதற்கு அட்மின் அனுமதி தேவையே இல்லை. அதனால் இது தனி மருந்து இல்லை, டிபெண்டர் விழித்திருப்பதற்கான ஏற்பாடு.

2017 அக்டோபர் அப்டேட்டில் விண்டோஸ் 10-க்கு வந்த இன்னொரு வசதி, அனுமதி இல்லாத மென்பொருள் குறிப்பிட்ட ஃபோல்டர்களில் எழுத முடியாதபடி தடுப்பது. டிபெண்டருக்குள்ளேயே இருக்கிறது, அணைந்த நிலையில். இதைப் போட்டுவிட்டால் முதல் இரண்டு நாள் எரிச்சல்தான். பழைய டிடிபி மென்பொருளில் சேவ் கொடுத்தால் சேவ் ஆகாது, ஏன் என்றும் அது ஒழுங்காகச் சொல்லாது, ஒவ்வொன்றாக அனுமதிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். மாமா இரண்டு முறை அணைக்கச் சொன்னார், நான் கேட்கவில்லை. கூடவே ஃபைல் எக்ஸ்டென்ஷன் தெரிகிற மாதிரி ஒரு டிக் போட்டுவிட்டோம். விண்டோஸ் அதை மறைத்தே வைத்திருப்பதால்தான் பிடிஎஃப் படம் போட்ட ஒரு இஎக்ஸ்இ-யை, அதாவது தொட்டதும் ஓடுகிற மென்பொருள் ஃபைலை, நாம் பிடிஎஃப் என்று நினைத்து இரட்டைக் கிளிக் பண்ணுகிறோம்.

அப்டேட் விஷயம் வேறு இருக்கிறது. வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகத்தைப் புரட்டிப்போட்டது 2017 மே 12-ல். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே கொடுத்துவிட்டது, நடுவில் 59 நாள். பாதிக்கப்பட்டவர்கள் அந்த 59 நாளும் "பிறகு நினைவூட்டு" அழுத்தியவர்கள், அல்லது அழுத்தக்கூட ஆள் இல்லாத ஆபீஸ் கம்ப்யூட்டர்கள். இப்போது பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கிற எல்லோருக்கும் அதே சிக்கல் வேறு உருவில் வந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, மாமாவின் ஆறாம் தலைமுறை ஐ3 ப்ராசஸர் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்குகளை அங்கே பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் 2026 அக்டோபர் 13 வரைக்குமான நீட்டிப்புப் பேட்சுகள் இலவசம், சம்மதிக்காவிட்டால் 30 டாலர். டிபெண்டரின் வைரஸ் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்கிறார்கள். அதை நம்பி "பாதுகாப்பு இருக்கே" என்று உட்கார்ந்திருக்காதீர்கள், பட்டியல் புதிதாகிக்கொண்டே இருந்தாலும் விண்டோஸின் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும்.

மூன்றாவது, லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். எனக்குப் பிடித்த வழி என்பதால் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டே கேளுங்கள். பழைய ஐ3-யில் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் போட்டால் கம்ப்யூட்டருக்கு வயசு குறைந்த மாதிரி இருக்கும். அன்றைக்கு வந்த இஎக்ஸ்இ அதில் ஓடவே ஓடாது. அதைவிடப் பெரிய லாபம், மென்பொருள் வேண்டுமென்றால் அதன் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே வந்துவிடும், பச்சைக் கலரில் ஐந்து டவுன்லோட் பட்டன் இருக்கும் பக்கத்தில் எது நிஜம் என்று தடவ வேண்டியதில்லை. லினக்ஸுக்கு வைரஸே வராது என்று சொல்கிறவர்களை மட்டும் நம்பாதீர்கள். 2016 பிப்ரவரியில் இதே மின்ட்டின் தளத்துக்குள் புகுந்து, திருட்டுத்தனமாக உள்ளே நுழையப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓ-வை, அதாவது நிறுவுவதற்கான ஃபைலை, இறக்கும்படி இணைப்பை மாற்றிவைத்தார்கள். 2024 மார்ச்சில் லினக்ஸில் பயன்படும் எக்ஸ்இசட் என்ற சின்ன நிரல் நூலகத்துக்குள் ஒளித்த பின்கதவை, உள்நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்ட ஒரே ஒரு பொறியாளர் கண்டுபிடித்தார். அவர் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

ஆனால் மாமா கடையில் லினக்ஸ் தோற்றது பாதுகாப்பில் இல்லை. டேலி அதில் நேராக ஓடாது. இருபது வருஷமாகச் சேர்ந்த பத்திரிகை டிசைன்கள் பழைய தமிழ் ஃபான்ட் குறியீட்டில், பழைய மென்பொருளில். தெருவுக்குத் தெரு இருக்கிற அந்தக் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரை லினக்ஸில் ஓட வைக்க நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போராடினேன், சாயங்காலம் ஒரு பக்கம் வந்தது, அதுவும் பாதி. அத்தை காபி கொடுத்துவிட்டு "விடுப்பா" என்றார். முழுக் கடையையும் லினக்ஸுக்கு மாற்றும் யோசனை அங்கே முடிந்தது. வெறுமனே ப்ரவுசரும் மெயிலும் மட்டும் பார்க்கிற ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் இரண்டு முறை யோசிக்காமல் மாற்றிவிடுவேன்.

ப்ரவுசர் பக்கம் வருவோம். விளம்பரத் தடுப்பான் போடுவதைப் பலர் யூடியூப் விளம்பரத்துக்காக என்று நினைக்கிறார்கள், அது பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான். தேடுபொறியில் ஏதாவது மென்பொருள் பெயரைப் போட்டால் மேலே முதலில் வருவது விளம்பரம், அதில் போலித் தளம் நுழைந்துவிடுகிறது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ-யே விளம்பரத் தடுப்பான் பயன்படுத்துங்கள் என்று மக்களுக்கு அறிவிப்புக் கொடுத்தது. யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பான் ஃபயர்ஃபாக்ஸில் முழுதாக வேலை செய்கிறது, குரோமில் இப்போது அதன் லைட் வடிவம்தான். ஐந்து நிமிஷ வேலை, செலவு இல்லை, எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இதைச் செய்துவிடுங்கள்.

இதையும் தாண்டி வருகிற ஒன்றை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிராக் பக்கமே போகாதவர்களும் இதில் மாட்டுகிறார்கள். ஏதோ ஒரு தளத்துக்குப் போகிறீர்கள், "நான் ரோபோ இல்லை" என்ற பெட்டி வருகிறது, டிக் போடுகிறீர்கள். உறுதிசெய்ய மூன்று படிகள் என்கிறது: விண்டோஸ் பட்டனும் ஆர்-உம் சேர்த்து அழுத்து, கண்ட்ரோல் வி அழுத்து, என்டர் தட்டு. நீங்கள் டிக் போட்டபோதே அந்த வலைப்பக்கம் உங்கள் கிளிப்போர்டில் ஒரு கட்டளையைக் காப்பி பண்ணி வைத்துவிட்டது, இப்போது அதை நீங்களே ரன் பெட்டியில் ஒட்டி நீங்களே ஓடவிடுகிறீர்கள். டவுன்லோட் இல்லை, எச்சரிக்கை இல்லை. இப்படி வருவதில் பேர்போனது லும்மா என்ற திருட்டு மென்பொருள். 2025-ல் மார்ச் நடுவிலிருந்து மே நடு வரைக்கும் இரண்டே மாதத்தில் 3,94,000 விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அதைக் கண்டதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. அது எதையும் பூட்டாது, சத்தமே இல்லாமல் ப்ரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். நீங்கள் உள்ளே நுழைந்துவிட்டதை அந்தத் தளம் நினைவில் வைக்கும் சீட்டுதான் குக்கீ, அது போனால் ஓடிபி-யும் உதவாது, ஏற்கெனவே உள்ளே நுழைந்த ஆளாகவே அவன் உட்கார்ந்துகொள்வான்.

போனைப் பற்றி இரண்டு வரி. கல்யாணப் பத்திரிகை என்றும் டிராஃபிக் அபராதம் என்றும் வாட்ஸ்அப்பில் வருகிற ஏபிகே-க்கள், அதாவது ஆண்ட்ராய்டு செயலி ஃபைல்கள், எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி வாங்கி ஓடிபி-யைக் கடத்துகின்றன. தெரியாத இடத்திலிருந்து செயலி நிறுவும் அனுமதியை வாட்ஸ்அப்புக்கும் ப்ரவுசருக்கும் அணைத்துவிட்டால் போதும், தனியாக ஆன்டிவைரஸ் வேண்டியதில்லை. கடையில் பத்திரிகை வாங்குகிற எல்லோரிடமும் "நாங்க அனுப்புறது பிடிஎஃப் மட்டும்தான்" என்று மாமா இப்போது சொல்லி அனுப்புகிறார்.

கடைசியாக பேக்கப். கையே தப்புப் பண்ணுகிற நாளில் எது நிற்கும் என்ற கேள்விக்கு ரான்சம்வேர் விஷயத்தில் முழு மார்க் வாங்குவது இது ஒன்றுதான். எங்கள் ஊர்க் கடையில் ஒரு டிபி வெளி ஹார்டு டிஸ்க் ஐயாயிரத்துச் சொச்சம் சொன்னார்கள், ஆன்டிவைரஸ் சந்தா ஒரு சில வருஷத்துக் காசு. ஆனால் டிஸ்க்கை எப்போதும் சொருகியே வைத்திருந்தால் அதுவும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும், மாமாவின் பழைய டிஸ்க் அப்படித்தான் போனது. கூகுள் டிரைவோடு ஒத்திசைத்து வைத்திருந்தால் பூட்டிய ஃபைலே மேலேயும் ஏறும், நல்லவேளையாகப் பழைய பதிப்புகளை 30 நாள் வைத்திருக்கிறது, ஆனால் இலவசமாகக் கிடைக்கிற 15 ஜிபி-யில் பிளக்ஸ் டிசைன் எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஆக இரண்டு டிஸ்க், மாறி மாறி, ஒன்று எப்போதும் வீட்டில். இதில் குறை ஒன்று உண்டு, லும்மா மாதிரித் திருட்டுக்கு பேக்கப் எந்த விதத்திலும் உதவாது. திருடு போன பாஸ்வேர்டுக்கு நகல் இருந்து என்ன பயன்?

அந்தக் குறைக்குத்தான் வேறு யோசனை தேவைப்பட்டது, அது கூடங்குளம் செய்தியிலிருந்து கிடைத்தது. 2019-ல் அணுமின் நிலையத்தில் வைரஸ் என்று பரபரப்பானபோது அக்டோபர் 30-ல் அணுமின் கழகம் ஒத்துக்கொண்டது, ஆனால் அது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கம்ப்யூட்டரில்தான், உலையின் கட்டுப்பாட்டு வலையமைப்பு தனி என்றது. ஜெராக்ஸ் கடைக்கும் இது பொருந்தும், இணையத்துக்கு ஒரு கம்ப்யூட்டர், முக்கியமான வேலைக்கு இன்னொன்று. கடையில் மூலையில் தூசி பிடித்துக் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது.

இப்போது அந்தப் பழைய கம்ப்யூட்டரில் மின்ட். வாட்ஸ்அப் வெப், வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவ், அரசு விண்ணப்பங்கள், பையன் பாட்டுக் கேட்பது எல்லாம் அதில். ஐ3-யில் விண்டோஸ் 10, நீட்டிப்புப் பேட்சோடு, டிபெண்டரோடு, சாதாரணக் கணக்கோடு. டேலியும் டிசைனும் பிரிண்டும் மட்டும், ப்ரவுசர் ஐகானையே டெஸ்க்டாப்பிலிருந்து எடுத்துவிட்டேன். பேங்க் வேலை மாமாவின் போனில். சனிக்கிழமை இரவு கடை அடைக்கும்போது டிஸ்க்கைச் சொருகி, காப்பி முடிந்ததும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போகிறார். ஆன்டிவைரஸ் சந்தா முடிந்ததும் புதுப்பிக்கவில்லை, முறையாக நீக்கிவிட்டோம். மொத்தச் செலவு இரண்டு டிஸ்க்கின் விலை.

அட்மின் பாஸ்வேர்டு மட்டும் யாரிடம் இருப்பது என்று பேச்சு வந்தது. மாமாவிடம் இருந்தால் பையன் கேட்டதும் சொல்லிவிடுவார், என்னிடம் இருந்தால் நான் மதுரையில். கடைசியில் அத்தையிடம் கொடுத்தோம். போன வாரம் பையன் ஏதோ ஃபான்ட் மென்பொருள் ஏற்ற வேண்டும் என்று வீட்டுக்கே போய் நின்றிருக்கிறான். அத்தை மாவாட்டிக்கொண்டே, "எந்தச் சைட்ல இறக்கின? பேரைச் சொல்லு, மாப்ளகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாராம். அவன் இன்னும் பேரைச் சொல்லவில்லை.